‘என்றால்’ எங்கே போச்சு?

சென்னையில் ஷேர் ஆட்டோவில் போயிருக்கிறீர்களா? உள்ளே ஏற்கெனவே ஆறு பேர் இருப்பார்கள். ஏழாவதாக ஒருவர் கை காட்டுவார். டிரைவர் ஒரு விநாடிகூட யோசிக்க மாட்டார். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா’ என்று பின்பக்கம் குரல் கொடுத்துவிட்டு வண்டியை ஓரம் கட்டிவிடுவார்.

அந்த ஒரு விநாடிக்குள் அவர் போட்டு முடித்த கணக்குக்குப் பொருளாதாரத்தில் பெரிய பேர் உண்டு. மார்ஜினல் காஸ்ட். தமிழில் இறுதிநிலைச் செலவு. வண்டி எப்படியும் போகத்தான் போகிறது. எரிபொருள், வண்டி வாடகை, வட்டி எல்லாம் ஆறு பேருக்கும் அதேதான், ஏழு பேருக்கும் ஏறக்குறைய அதேதான். இன்னும் ஓர் ஆள் ஏறினால் கூடுதல் செலவு எவ்வளவு? கிட்டத்தட்ட சைபர். கூடுதல் வரவு? முழு டிக்கெட். அப்புறம் என்ன யோசனை, ஏற்றிக்கொள்!

இதே சமாசாரத்தைத்தான் பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. எகனாமிக்ஸ் வகுப்புகளில் டிஃபரன்ஸியேஷன் என்று நடத்துகிறார்கள். மொத்தச் செலவுக்கு ஒரு சமன்பாடு கொடுப்பார்கள். அதற்கு டிஒய் பை டிஎக்ஸ் கண்டுபிடித்தால் அதுதான் மார்ஜினல் காஸ்ட். பையன் பவரை முன்னால் கொண்டுவந்து பெருக்குவான், பவரில் ஒன்றைக் கழிப்பான், விடையின் கீழே இரண்டு கோடு போடுவான். ஐந்து மார்க். அவனிடம் போய், ‘தம்பி, இப்ப நீ கண்டுபிடிச்சியே, அது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘டிஒய் பை டிஎக்ஸ் சார்’ என்பான்.

ஆட்டோ டிரைவருக்கு விஷயம் தெரியும், ஃபார்முலா தெரியாது. பையனுக்கு ஃபார்முலா தெரியும், விஷயம் தெரியாது. இந்த இரண்டு பேரில் யாரை நாம் பட்டதாரி என்கிறோம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு வேறொரு கேள்வி. ஒருவனுக்கு ஃபார்முலாவை மட்டும் கையில் கொடுத்து, அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சொல்லாமல் வெளியே அனுப்புவது சரியா? ‘பாடத்திட்டத்தில் சின்னக் குறை’ என்று விட்டுவிடக்கூடிய விஷயமா, இல்லை தர்மம், நியாயம் என்றெல்லாம் பேச வேண்டிய விஷயமா?

நானும் காமர்ஸ் படித்தவன் என்பதால் அந்த வகுப்பறையை உள்ளிருந்து தெரியும். இரண்டாவது கட்சி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வியை முடித்துவிடுவோம். ‘காமர்ஸ் பசங்களுக்கு எதுக்குங்க கால்குலஸ்?’

1959-ல் அமெரிக்காவில் இரண்டு பெரிய அறிக்கைகள் வெளிவந்தன. ஒன்று ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணத்தில், இன்னொன்று கார்னகி நிறுவனத்தின் பணத்தில். இரண்டும் அந்த ஊர் பிசினஸ் பள்ளிகளைத் தோலுரித்தன. இங்கே நடப்பது படிப்பே இல்லை, ஏதோ தொழில் பயிற்சி. கணிதம், புள்ளியியல், சமூக அறிவியல் எல்லாம் உள்ளே வர வேண்டும் என்றன. அதற்கப்புறம்தான் நிர்வாகப் படிப்புக்குள் கணக்கு பெரிய அளவில் நுழைந்தது. 1961-ல் நம் கல்கத்தா ஐ.ஐ.எம். எம்.ஐ.டி.யின் உதவியோடும், அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் உதவியோடும் தொடங்கப்பட்டன. அந்தக் காற்று இங்கேயும் வீசியது.

நோக்கம் நல்ல நோக்கம்தான். முதலாளி மேஜையைத் தட்டி, ‘என் 30 வருஷ அனுபவத்துல சொல்றேன்யா’ என்றால் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அனுபவத்தோடு எப்படி வாதாடுவது? ஆனால் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட, ‘சார், மூணாவது வரி இடிக்குதே’ என்று சொல்லலாம். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பதுதான் கணக்கின் பெருமை. அதில் சீனியர் கிடையாது, ஜூனியர் கிடையாது.

அப்படி வந்த கணக்கு நம் வகுப்பறையில் என்ன ஆனது?

பி.காம். படித்தவர்களுக்கு ஈ.ஓ.க்யூ. ஞாபகம் இருக்கும். ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்கினால் செலவு குறைவு என்று சொல்கிற ஃபார்முலா. ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913-ல் எழுதியது. நூறு வருடம் தாண்டியும் காஸ்டிங் பேப்பரில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. வருடத் தேவையை இரண்டால் பெருக்கி, அதை ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவால் பெருக்கி, ஒரு யூனிட்டைக் கிடங்கில் வைத்திருக்க ஆகும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

ஒரு கடைக்காரர் வருடத்துக்கு 3,600 பெட்டி விற்கிறார். ஒரு தடவை ஆர்டர் போட 50 ரூபாய். ஒரு பெட்டியை ஒரு வருடம் வைத்திருக்க 4 ரூபாய். கணக்குப் போடுங்கள். விடை 300 பெட்டி. அதாவது வருடத்துக்கு 12 தடவை, மாசம் ஒரு லோடு. அழகான விடை. முழு மார்க்.

அவர் விற்பது பட்டாசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் கூட்டம் முட்டி மோதுகிறது, நம் பட்டதாரி 300 பெட்டியோடு நிற்கிறார். மார்ச் மாதம் ஒரு ஈ காக்கை இல்லை, அப்போதும் தவறாமல் 300 பெட்டி வந்து இறங்குகிறது. ஃபார்முலா பொய் சொல்லவில்லை. அது தொடங்கும்போதே ஒரு வரி சொல்லியிருக்கிறது: வருடம் முழுக்கத் தேவை ஒரே சீராக இருக்கும் என்றால். அந்த ‘என்றால்’ பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ‘அனுமானங்கள்’ என்று தலைப்புப் போட்டு ஐந்தாறு வரி இருக்கும். வகுப்பில் அந்தப் பத்தியைத் தாண்டி, ‘நேரா சம்முக்குப் போங்க’ என்பார்கள். அனுமானத்துக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாத எதுவும் மூன்று வருடம் உயிரோடு இருப்பதில்லை.

கணிதத்தில் எந்த ஃபார்முலாவும் தனியாக வருவதில்லை. முன்னால் ஒரு ‘என்றால்’ கட்டாயம் நடந்து வரும். நாம் ராஜாவை வரவேற்றுவிட்டுக் கட்டியக்காரனை வாசலிலேயே விரட்டிவிடுகிறோம்.

சரி, வாத்தியார்மீது பழி போட்டுவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கம் என்ன என்று பார்க்க வேண்டாமா?

‘சார், என் கிளாஸ்ல 70 பேர். பாதிப்பேர் பிளஸ் ஒன்லயே கணக்குக்குக் கும்பிடு போட்டுட்டு வந்தவங்க. நிறையப் பேர் வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆள் இவங்கதான். இங்கிலீஷும் தகராறு. செமஸ்டர்ல அஞ்சு யூனிட் முடிக்கணும். இந்த ஒரு பேப்பர்ல அரியர் விழுந்தா டிகிரி நிக்கும், டிகிரி நின்னா வேலை நிக்கும், வேலை நின்னா தங்கச்சி கல்யாணம் நிக்கும். நான் எட்டு மாடல் சம் மனப்பாடம் பண்ண வெச்சுப் பாஸ் பண்ண விடறேன். இது பாவமா?’

இந்த வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. இதில் இரக்கம் இருக்கிறது. ‘இது கேள்வி வராது, விட்டுடு’ என்று சொல்கிற ஆசிரியர் பெரும்பாலும் சோம்பேறி அல்ல. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்தப் பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் அது உபகாரம்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த வகுப்பறையில் மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறார். அவர் முகம் நமக்குத் தெரிவதில்லை.

மறுபடி அந்த ஷேர் ஆட்டோவுக்குள் எட்டிப் பாருங்கள். ஏழாவது ஆளால் டிரைவருக்குச் செலவு சைபர். ஏறியவருக்கும் சந்தோஷம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட வியாபாரம், யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்கு சொல்கிறது. ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஆறு பேரின் இடுப்பையும் முழங்காலையும் கேளுங்கள், அவை வேறு கணக்கு சொல்லும். மடியில் குழந்தையோடு ஓரத்தில் ஒண்டியிருக்கும் பெண்ணுக்குச் செலவு சைபர் இல்லை. அந்தச் செலவு டிரைவரின் சமன்பாட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பறையும் அப்படித்தான். ஆசிரியரும் மாணவனும் ஒத்துப்போய்விட்டார்கள். ‘நீ ஸ்டெப் போடு, நான் மார்க் போடறேன்.’ இரண்டு பேருக்கும் லாபம். செலவை ஏற்கிற மூன்றாவது ஆள் ஐந்து வருடம் கழித்து எங்கேயோ ஒரு கடன் மேளாவில், ஒரு வங்கி கவுண்டரில், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் அந்த மாணவனுக்கு எதிரே வந்து உட்காரப் போகிறார்.

எப்படி என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான்.

டூ வீலருக்கு ஒரு லட்ச ரூபாய் கடன். மூன்று வருடம். ‘வெறும் 12 பர்சென்ட்தான் சார், ஃபிளாட் ரேட்’ என்கிறார் கழுத்தில் டை கட்டிய இளைஞர். வருடத்துக்கு 12,000, மூன்று வருடத்துக்கு 36,000. அசலும் வட்டியும் 1,36,000. அதை 36 மாசத்துக்குப் பிரித்தால் மாசம் சுமார் 3,778 ரூபாய். இதில் அசல் 2,778, வட்டி 1,000. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது 18 மாசம் கழித்து வாருங்கள். பாதி அசலைக் கட்டியாகிவிட்டது. பாக்கி 50,000தான். வட்டி? அதே 1,000. அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். கடைசி மாசத்துக்கு வாருங்கள். பாக்கி அசல் 2,778 ரூபாய். அதற்கு ஒரு மாச வட்டி அதே 1,000 ரூபாய்! திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று முறையாகக் கணக்கிட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி ஏறக்குறைய 21 சதவீதம்.

12 சதவீதம் என்பது பொய்யில்லை. மூன்று வருடமும் முழு ஒரு லட்சமும் உங்கள் கையிலேயே இருக்கும் என்றால் அது 12 சதவீதம். மறுபடியும் அதே ‘என்றால்’தான் காணாமல் போயிருக்கிறது.

இதைத் தடுக்கத்தான் ரிசர்வ் வங்கி, கடன் விவரங்களைச் சுருக்கமாக ஒரே தாளில் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட விகிதத்தை அதில் காட்ட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உத்தரவு போட்டது. தனிநபர் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும் 2024 அக்டோபர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தாளில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, ‘பன்னெண்டுன்னு சொன்னீங்க, இதுல இருபத்தொண்ணுன்னு இருக்கே தம்பி?’ என்று ஒரு பெரியவர் கேட்டால் தம்பிக்குப் பதில் தெரிய வேண்டாமா? தம்பி பி.காம். ஆன்யூட்டி கணக்கு போட்டு முழு மார்க் வாங்கியவர். அவருக்கே அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கம்ப்யூட்டர் காட்டியது, சொன்னார்.

இது சின்ன அளவு. பெரிய அளவும் நடந்திருக்கிறது.

நிகழ்தகவு பாடத்தில் பெருக்கல் விதி ஒன்று வரும். ஒரு கடன்காரர் பணம் கட்டாமல் போக 20-ல் 1 வாய்ப்பு. ஐந்து பேரும் ஒரேயடியாகக் கட்டாமல் போக? 20-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 32 லட்சத்தில் 1 வாய்ப்பு. அப்பாடா, பயமே இல்லை! ஆனால் விதியின் முழு வாசகம் இது: ஒருவர் கட்டாமல் போவதற்கும் இன்னொருவர் கட்டாமல் போவதற்கும் சம்பந்தம் இல்லை என்றால் பெருக்கலாம். ஐந்து பேரும் ஒரே மில்லில் வேலை பார்க்கிறார்கள், மில்லை மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் சேர்ந்தேதான் கவிழ்வார்கள். அப்போது வாய்ப்பு 32 லட்சத்தில் 1 இல்லை, 20-ல் 1.

அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, அதிலிருந்து பத்திரம் தயாரித்து விற்றார்கள். சம்பந்தமே இல்லை என்று யாரும் முட்டாள்தனமாகச் சொல்லவில்லை. எவ்வளவு சம்பந்தம் என்பதை ஒரு எண்ணில் அடக்கும் ஃபார்முலா இருந்தது. டேவிட் லீ என்பவர் 2000-ல் வெளியிட்டது. வால் ஸ்ட்ரீட் அதை அள்ளிக்கொண்டது. வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்த நல்ல காலத்துத் தகவலை உள்ளே போட்டார்கள், நல்ல விடை வெளியே வந்தது. பத்திரங்களுக்கு ட்ரிபிள் ஏ முத்திரை குத்தினார்கள். இந்த மாடலின் சாரத்தைப் புரிந்துகொண்டவர்கள் ரொம்பக் குறைவு என்று 2005-லேயே அந்த லீயே பத்திரிகைக்குச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாடு முழுக்க வீட்டு விலை சேர்ந்தாற்போல் சரிந்தபோது சம்பந்தமில்லாதவர்கள் எல்லாம் சம்பந்திகள் ஆனார்கள். 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது.

ஒரு ஃபார்முலாதான் உலகத்தைக் கவிழ்த்தது என்று சொன்னால் அது அளந்துவிடுவது. பேராசை இருந்தது, கண்காணிப்பு இல்லை, இன்னும் எத்தனையோ. ஆனால் அந்த அறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கணக்கு தெரியாதவர்கள் இல்லை. பெரிய பெரிய எம்.பி.ஏ.க்கள். ஃபார்முலா எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ‘என்றால்’ பக்கம் யாரும் திரும்பவில்லை.

இந்த இடத்தில் கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர் உற்சாகமாக எழுந்திருப்பார். ‘அதான் நான் சொல்றேன். தேற்றத்தை நிரூபணத்தோட நடத்தணும். லிமிட்டுன்னா என்னன்னு எப்சிலான், டெல்டாவுல இருந்து ஆரம்பிக்கணும்.’

ஐயா, தயவுசெய்து உட்காருங்கள். அதுவும் வேண்டாம். சமையல்காரருக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தால் போதும். நிரூபணம் வேறு, நிபந்தனை வேறு. காமர்ஸ் மாணவனுக்கு முதலாவது இல்லாமல் பிழைப்பு நடக்கும். இரண்டாவது இல்லாமல் அடுத்தவர் பிழைப்பு கெடும்.

பின்னே எதைச் சொல்லிக்கொடுப்பது? ஆல்ஃபிரட் மார்ஷல் ஒரு வழி காட்டியிருக்கிறார். இன்றைக்கும் பொருளாதார வகுப்பில் டிமாண்ட், சப்ளை கோடு வரையும்போதெல்லாம் பேர் அடிபடுகிறதே, அதே மார்ஷல். கணக்குக்குப் பயந்த ஆசாமி இல்லை. 1865-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாவதாக வந்தவர். 1890-ல் வந்த தன் பெரிய புத்தகத்தில் கணக்கையெல்லாம் அடிக்குறிப்புக்கும் பின்னிணைப்புக்கும் தள்ளிவிட்டார். 1906-ல் பௌலி என்ற புள்ளியியல்காரருக்கு எழுதிய கடிதத்தில் தன் வழக்கத்தைச் சொல்கிறார். கணிதத்தைச் சுருக்கெழுத்து மாதிரி பயன்படுத்து. வேலை முடிந்ததும் சாதாரண பேச்சு மொழிக்கு மாற்று. வாழ்க்கையிலிருந்து உதாரணம் கொடு. பிறகு கணக்கைக் கொளுத்திவிடு. உதாரணம் கிடைக்கவில்லையா, பேச்சு மொழிக்கு மாற்றியதையும் கொளுத்திவிடு. சாரம் இவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் எதையும் கொளுத்த வேண்டாம், அதைத் தேர்வு முடிந்த அன்றைக்குத் தானாகவே செய்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற படி மட்டும் போதும். போட்ட கணக்கைத் தமிழிலோ இங்கிலீஷிலோ கணக்கு தெரியாத ஒருவருக்குச் சொல். உன் அம்மாவுக்குச் சொல். சொல்ல முடியவில்லை என்றால் உனக்கும் புரியவில்லை.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். ஒரு ஹோம்வொர்க் கதை இருக்கிறது.

2010-ல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாட்டின் கடன் ஜி.டி.பி.யில் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடுகிறது என்று அவர்களின் அட்டவணை காட்டியது. செலவை வெட்ட வேண்டும் என்று சொன்ன அமெரிக்க, ஐரோப்பிய அரசியல்வாதிகளுக்கு அது வேதவாக்கு ஆனது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்று ஒரு பொருளாதார ஆராய்ச்சி மாணவர். புள்ளியியல் வகுப்பில் அவருக்குக் கொடுத்த வேலை, வெளிவந்த ஒரு கட்டுரையை எடுத்து அதே விடை வருகிறதா என்று நீயே போட்டுப் பார் என்பது. அவர் இதை எடுத்தார். விடை வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். வரவில்லை. ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்களும் மரியாதையாகத் தங்கள் எக்செல் ஃபைலை அனுப்பினார்கள். பார்த்தால், சராசரி எடுக்கிற கட்டம் 49-ம் வரி வரை போவதற்குப் பதில் 44-ம் வரியிலேயே நின்றிருக்கிறது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் அவுட். வேறு சில விஷயங்களையும் மாற்றிப் போட்டால் மைனஸ் 0.1 என்பது பிளஸ் 2.2 ஆனது. 2013-ல் தன் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் இருவரோடு சேர்ந்து அதை வெளியிட்டார். எக்செல் பிழையை அந்த அறிஞர்கள் ஒத்துக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி குறையும் என்ற மொத்த முடிவில் மட்டும் உறுதியாக நின்றார்கள்.

ஒரு மாணவர் உலகப் புகழ் பெற்ற இருவரின் மூன்றாவது வரி இடிக்கிறது என்று சொல்ல முடிந்தது. 1959-ல் கணக்கை உள்ளே கொண்டுவந்தார்களே, அதற்கு அர்த்தம் இதுதான். அந்த ஹோம்வொர்க்கைக் கவனியுங்கள். ‘கண்டுபிடி’ என்று இல்லை, ‘சரியா என்று பார்’ என்று இருந்தது. அந்தக் கேள்விக்குச் செலவு ஒன்றுமில்லை. கூடுதல் யூனிட் வேண்டாம், கூடுதல் வகுப்பு வேண்டாம்.

ஓர் ஆட்சேபம் பாக்கி இருக்கிறது. எனக்கே அவ்வப்போது தோன்றுவதுதான். ‘என்றால்’ தெரிந்துவிட்டால் மட்டும் மனுஷன் யோக்கியன் ஆகிவிடுவானா? ஃபிளாட் ரேட்டின் சூட்சுமம் நன்றாகத் தெரிந்த மேனேஜர்தான் அதை விற்கச் சொல்கிறார். வால் ஸ்ட்ரீட்டில் தெரிந்தே தள்ளிவிட்டவர்களும் இருந்தார்கள். கணக்கு ஒழுக்கம் கற்றுத்தராதே?

தராது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டை கட்டிய அந்த இளைஞரை நினைத்துப் பாருங்கள். 12 என்பது 21 என்று அவருக்குத் தெரியாதவரை அவர் பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. எதிரே இருக்கும் பெரியவர் 21 கட்டுகிறார், இவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார். அவர் மனசாட்சிக்கு வேலையே இல்லை. தெரிந்த அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் முன்னால் இரண்டு வழி திறக்கும். சொல்வதா, மறைப்பதா? ‘சார், மொத்தமா 36,000 வட்டி வரும், பேங்க்ல குறையற பாக்கிக்கு வட்டி போடறாங்களான்னு ஒரு தடவை கேட்டுட்டு வாங்க’ என்று அவர் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். எதைச் செய்தாலும் அது அவர் செய்தது ஆகும்.

ஆகவே ‘என்றால்’ சொல்லாமல் அனுப்புகிற படிப்பு அந்த இளைஞருக்கே துரோகம் செய்கிறது. நல்லவனாக இருக்கும் வாய்ப்பை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. மெஷினுக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் செய்கிறது. அதிலும் இன்றைக்கு மெஷின் அவனைவிட வேகம். கேள்வித்தாளை போட்டோ எடுத்தால் போன் ஸ்டெப்போடு விடை போட்டுத் தருகிறது. எட்டு மாடல் சம் மனப்பாடம் பண்ணிய பையனுக்கு இனிமேல் யார் சம்பளம் கொடுப்பார்கள்? பாஸ் பண்ணவைத்தால் வேலை கிடைக்கும் என்று இரக்கப்பட்டாரே நம் வாத்தியார், அந்தக் கணக்கும் இப்போது இடிக்கிறது.

வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் கண் என்றார். கண் இருந்தால் பார்க்க வேண்டும். பார்த்தால் சில சமயம் தூக்கம் கெடும்.

பெரிய சீர்திருத்தம் எதுவும் கேட்கவில்லை. ஐந்து யூனிட்டை நாலாகக் குறைத்தாலும் சந்தோஷம். ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரே ஒரு கேள்வி, கட்டாயக் கேள்வி, ஐந்து மார்க்: ‘இந்த ஃபார்முலா செல்லாத ஓர் இடத்தை உன் ஊரிலிருந்து எழுது.’ மதுரைப் பையன் மல்லிகைப் பூவை எழுதுவான், ஒரே சீரான விலை என்பது கல்யாண முகூர்த்த நாளில் என்ன ஆகும் என்று. நாகப்பட்டினத்துப் பெண் மீன்பிடித் தடைக்காலத்தை எழுதுவாள். திருப்பூர்ப் பையன் ஒரே வெளிநாட்டு ஆர்டரை நம்பி நிற்கும் பத்து யூனிட்டுகளை எழுதுவான். இந்த விடை எந்த கைடிலும் இருக்காது. இங்கிலீஷ் தகராறான பிள்ளைக்கும் இது தெரியும். சொல்லப்போனால், வீட்டில் கடன் வாங்கி வாழ்ந்த பிள்ளைக்குத்தான் இது நன்றாகத் தெரியும்.

பல்கலைக்கழகம் மாறுகிறவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பி.காம்., பி.பி.ஏ. படிக்கிற பிள்ளை இருந்தால் இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு லட்சம், 12 சதவீதம், ஃபிளாட், மூன்று வருடம் என்று சொல்லிவிட்டு, ‘கடைசி மாசம் எவ்வளவு பாக்கிக்கு எவ்வளவு வட்டி கட்டறேன்?’ என்று கேளுங்கள்.

உடனே போனை எடுத்தால் தடுக்காதீர்கள். விடை வந்ததும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: ‘சரி, இப்ப இதைப் பாட்டிக்குப் புரியற மாதிரி சொல்லு.’